புயல் இல்லாத நாட்களில் நடந்த வேலை

1999-இல் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைப் புயலுக்குப் பறிகொடுத்த ஒடிசா, இன்று பேரிடர் மேலாண்மையில் பிற மாநிலங்களுக்கு வழிகாட்டுகிறது. இடைப்பட்ட காலத்தில் அந்த அரசு எந்திரத்துக்குள் நடந்தது என்ன?

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவின் பாராதீப் துறைமுகத்துக்கு அருகே சூப்பர் புயல் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 260 கிலோமீட்டரை எட்டியது. கடல் ஐந்தாறு மீட்டர் உயரத்துக்கு எழும்பி ஊர்களுக்குள் புகுந்தது. ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எர்சமா வட்டாரத்தில் மட்டுமே ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அரசுக் கணக்கின்படியே மொத்த உயிரிழப்பு பத்தாயிரத்தை நெருங்கியது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2013 அக்டோபர் 12 அன்று, பைலின் புயல் அதே கடற்கரையின் தென்பகுதியில் கோபால்பூர் அருகே மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் மோதியது. அந்த முறை உயிரிழப்பு ஐம்பதைத் தாண்டவில்லை. 2019 மே 3 அன்று பூரி அருகே கரையைக் கடந்த ஃபானி 64 பேரைப் பலிகொண்டது. 2024 அக்டோபரில் டானா புயல் வந்தபோது, ஒருவரும் சாகக் கூடாது என்பதையே அரசு இலக்காக அறிவிக்க முடிந்தது. கடற்கரை மாறவில்லை. அங்கே வாழும் மீனவர்களும் விவசாயிகளும் மாறவில்லை. இந்தியாவின் ஏழை மாநிலங்களின் பட்டியலில் ஒடிசா நெடுங்காலம் முன்வரிசையில் இருந்தது. மாறியது அந்த அரசின் அமைப்பும் அதன் வேலை முறையும்தான்.

பேரிடர்களைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் கதைகள் வேறு மாதிரியானவை. இரவெல்லாம் கண் விழித்த ஆட்சியர், இடுப்பளவு நீரில் இறங்கிய காவலர், படகில் வந்து காப்பாற்றிய இளைஞர்கள் என்று அவற்றில் எப்போதும் ஒரு நாயகர் இருப்பார். அந்தத் தியாகங்கள் உண்மையானவை, போற்றத்தக்கவை. ஆனால் ஓர் அமைப்பின் தாங்குதிறனை அவற்றை வைத்து அளக்க முடியாது. எங்கே ஏற்பாடு தோற்றதோ அங்கேதான் நாயகர் தேவைப்படுகிறார். ஒடிசாவின் கால் நூற்றாண்டு அனுபவத்தைக் கூர்ந்து பார்த்தால் கிடைக்கும் முடிவு இது: நெருக்கடியில் ஓர் அமைப்பு காட்டும் திறமை, முந்தைய தோல்வியை அது என்ன செய்தது என்பதைப் பொறுத்தது. தோல்வியை விசாரணை அறிக்கையாக்கி அலமாரியில் வைத்த அமைப்பு மறுமுறையும் தோற்கிறது. அதையே விதியாகவும், நிரந்தரப் பணியிடமாகவும், பட்ஜெட்டில் ஒரு தலைப்பாகவும், ஆண்டுதோறும் நடக்கும் ஒத்திகையாகவும் மாற்றிய அமைப்பு தாங்குகிறது. அரசுத் துறைக்கும், மருத்துவமனைக்கும், தொழிற்சாலைக்கும் இது பொருந்தும்.

அன்று உடைந்தவை

1999-இல் புயல் எச்சரிக்கை இல்லாமல் போகவில்லை. வானிலைத் துறை புயலைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அறிவிப்புகள் வந்தன. அதற்கு இரண்டு வாரங்களுக்குள்தான் இன்னொரு கடும் புயல் கஞ்சம் மாவட்டத்தைத் தாக்கியிருந்தது. ஆகவே புயல் என்றால் என்ன என்று அரசுக்கோ மக்களுக்கோ புதிதாகச் சொல்லவேண்டிய நிலை இருக்கவில்லை. இல்லாமல் போனவை மற்றவை. எச்சரிக்கையைக் கடைசிக் குடிசை வரை கொண்டுசேர்க்க வேண்டியவர் யார் என்று வகுக்கப்படவில்லை. ஓடச் சொன்னால் எங்கே ஓடுவது என்பதற்கு விடை இல்லை. செஞ்சிலுவைச் சங்கம் கட்டியிருந்த இருபத்துச் சொச்சம் புயல் பாதுகாப்பு மையங்கள் மட்டுமே அந்த நீண்ட கடற்கரைக்கு இருந்தன. அவற்றுக்குள் நெருக்கியடித்து ஒதுங்கிய பல்லாயிரம் பேர் பிழைத்தார்கள். மையம் எட்டாத தூரத்தில் இருந்தவர்கள் மண்வீட்டிலும் மரத்தடியிலும் கடலை எதிர்கொண்டார்கள்.

கரையைக் கடந்த பிறகும் அந்தப் புயல் நகராமல் ஒரு நாளுக்கு மேல் மாநிலத்தின் மீதே நின்றது. தலைநகர் புவனேஸ்வரமே தாக்கப்பட்டது. தொலைபேசி அறுந்தது. எந்த மாவட்டத்தில் என்ன நடந்தது என்பதே தலைமைச் செயலகத்துக்கு நாட்கணக்கில் தெரியவில்லை. விழுந்த மரங்கள் சாலைகளை அடைத்துக்கொண்டதால், நிவாரணப் பொருள் ஏற்றிய லாரிகள் கிராமங்களை எட்ட முடியவில்லை. மரத்தை அறுக்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை. ஒடிசாவிடம் நிவாரண விதிகள் இல்லாமல் இல்லை. 1980-இலேயே வெள்ளத்துக்கும் வறட்சிக்குமாக விரிவான நிவாரணச் சட்டத்தொகுப்பை எழுதிவைத்த மாநிலம் அது. சிறப்பு நிவாரண ஆணையர் என்ற பதவியும் இருந்தது. ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும், நடந்து முடிந்த பிறகு அரிசி வழங்கவும் இழப்பீடு கணக்கிடவும் அமைந்தது. நடப்பதற்கு முன் செய்யவேண்டியது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

இப்படி ஒரு பேரழிவுக்குப் பின் அரசியலில் வழக்கமாக நடப்பது இங்கும் நடந்தது. கடும் விமர்சனத்துக்கு நடுவே முதல்வர் கிரிதர் கமாங் அந்த டிசம்பரிலேயே பதவி விலகினார். பெரும்பாலான இடங்களில் கதை இத்துடன் முடிந்துவிடும். பொறுப்பானவர் என்று ஒருவரை அகற்றியதும் பொதுக்கோபம் தணியும், அடுத்த புயல் வரும்வரை கோப்பு தூங்கும். ஒடிசா அதோடு நிற்கவில்லை. புயல் அடித்த இரண்டே மாதங்களில், 1999 டிசம்பர் 28 அன்று, பேரிடரைக் கையாள்வதற்கென்றே ஒரு தனி ஆணையத்தைத் தொடங்கியது. இந்தியாவில் எந்த மாநிலத்திலும் அதற்கு முன் அப்படி ஓர் அமைப்பு இருந்ததில்லை. நாடு தழுவிய பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது 2005-இல்தான். சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டதால் அந்த ஆணையத்துக்குத் தனி நிர்வாகம் இருந்தது. நிவாரண நிதி வந்தால் விழித்து, தீர்ந்தால் உறங்கும் துறையாக அது இருக்கவில்லை. புயல் இல்லாத மாதங்களிலும் புயலைப் பற்றியே வேலை செய்யச் சம்பளம் பெறும் ஊழியர்கள் முதன்முறையாக உருவானார்கள்.

தோல்வி பொருளாக மாறியது

அதன்பின் நடந்ததைக் கவனித்தால், 1999-இல் உடைந்த ஒவ்வொன்றுக்கும் எதிரே கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருள் வந்து நின்றிருப்பது தெரியும். சாலையை அடைத்த மரங்களுக்குப் பதிலாக 2001-இல் மாநில விரைவு மீட்புப் படை வந்தது. மர அறுவை இயந்திரமும் ரப்பர் படகும் அதன் அடிப்படைக் கருவிகள். தேசியப் பேரிடர் மீட்புப் படை களத்துக்கு வந்தது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான். ஒதுங்க இடமில்லாத குறைக்குப் பதிலாக, கடலோர மாவட்டங்களில் 800-க்கும் மேற்பட்ட பாதுகாப்பு மையங்கள் எழுந்தன. அறுந்த தொலைபேசிக்குப் பதிலாகச் செயற்கைக்கோள் தொலைபேசிகளும் தனி வானொலி இணைப்புகளும் வந்தன. 2018-இல், 480 கிலோமீட்டர் கடற்கரை நெடுகிலும் 122 சைரன் கோபுரங்கள் இணைக்கப்பட்டன. புவனேஸ்வரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் கடலோரக் கிராமங்களில் ஒரே நேரத்தில் ஒலி எழும்.

இந்தப் பாதுகாப்பு மையம் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். கடல்நீர் அடியில் புகுந்து ஓடட்டும் என்று கட்டடம் தூண்களின் மேல் நிற்கிறது. வயதானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் ஏறுவதற்குச் சாய்தளம் இருக்கிறது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்கும்படி கரக்பூர் ஐ.ஐ.டி.யின் துணையோடு வடிவமைக்கப்பட்டது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டு. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். கூட்டத்தோடு ஒதுங்க வசதியில்லை என்பதாலேயே பெண்கள் வீட்டைவிட்டு வராமல் தங்கிச் செத்த புயல்கள் வங்கக் கடலோரத்தில் உண்டு. உள்ளே ஓர் அறையில் ஜெனரேட்டர், மர அறுவை இயந்திரம், தூக்குப்படுக்கை, உயிர்காப்பு உடை, கயிறு, பெரிய சமையல் பாத்திரங்கள். இவை அந்த ஊர்க்காரர்களைக் கொண்ட குழுவின் பொறுப்பில் இருக்கின்றன. ஊர் இளைஞர்களும் இளம்பெண்களும் மூன்று பிரிவாகப் பயிற்சி பெறுகிறார்கள்: தேடி மீட்பது, முதலுதவி செய்வது, மையத்தை நடத்துவது. யார் எந்தப் பிரிவு என்பது புயலுக்கு முன்பே முடிவாகியிருக்கிறது.

மையத்தைக் கட்டுவது எளிது. கட்டியதைப் பத்து ஆண்டுகள் பயன்படுத்தும் நிலையில் வைத்திருப்பதுதான் கடினம். பூட்டிவைத்த கட்டடத்தில் வௌவால் குடியேறும், பயன்படுத்தாத ஜெனரேட்டர் தேவைப்படும் நாளில் ஓடாது. ஒடிசா இதற்குக் கண்ட வழி, மையத்தை அன்றாட வாழ்க்கைக்குள் கொண்டுவந்தது. பல மையங்கள் பள்ளிக்கூடமாகவும் அங்கன்வாடியாகவும் இயங்குகின்றன. ஊர்க்கூட்டமும் கல்யாணமும் அங்கே நடக்கின்றன. அதில் வரும் வாடகை பராமரிப்புக்குப் போகிறது. தினமும் குழந்தைகள் வந்துபோகும் கட்டடத்தில் ஓட்டை விழுந்தால் மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும். புயல் பருவத்துக்கு முன் ஆண்டுதோறும் ஒத்திகை நடக்கிறது. ஜெனரேட்டர் ஓடவைக்கப்படுகிறது, அறுவை இயந்திரத்தின் பல் சரிபார்க்கப்படுகிறது. அக்டோபர் 29-ஐ ஒடிசா பேரிடர் ஆயத்த நாளாகக் கடைப்பிடிக்கிறது. துக்க நாள் ஒன்றை ஆயத்த நாளாக்கிய அந்த முடிவில் ஓர் அமைப்பின் மனப்பக்குவம் தெரிகிறது. மறக்க விரும்புவதை மறக்காமல் இருக்க அது தனக்கே ஒரு கட்டாயத்தை விதித்துக்கொண்டது.

அதிகாரம் எங்கே இருக்கிறது

ஃபானி வருவதற்கு முன் ஏறத்தாழ 12 லட்சம் பேரை இடம்பெயரச் செய்தார்கள். 26 லட்சம் குறுஞ்செய்திகள் போயின, 43,000 தன்னார்வலர்கள் களத்தில் இருந்தார்கள். இந்த எண்கள் உலகப் பத்திரிகைகளில் வியப்போடு எழுதப்பட்டன. ஆனால் 12 லட்சம் பேரை எந்தத் தலைமைச் செயலரும் நகர்த்த முடியாது. அவ்வளவு பேரை நகர்த்துவது, ஆயிரக்கணக்கான சிறு முடிவுகளின் கூட்டுத்தொகை. எந்தத் தெருவில் எத்தனை கூரைவீடு, படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி எந்த வீட்டில், மாட்டை அவிழ்க்காமல் வரமாட்டேன் என்பவர் யார் என்பதெல்லாம் அந்த ஊரில் இருப்பவருக்கே தெரியும். அங்கன்வாடி ஊழியரின் பதிவேட்டில் அந்த ஊரின் கர்ப்பிணிகள் பெயரும் பிரசவ நாளும் இருக்கும். டானா புயலுக்கு முன் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் மருத்துவமனைகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் முன்கூட்டியே கொண்டுசெல்லப்பட்டதற்கு அந்தப் பதிவேடே அடித்தளம். புயலுக்காகத் தனியாக யாரும் கணக்கெடுக்கவில்லை. ஆண்டு முழுவதும் வேறொரு வேலைக்காகச் சரியாகப் பராமரிக்கப்பட்ட பட்டியல், புயல் நாளில் உயிர் காத்தது.

தகவல் கீழே இருக்கும்போது முடிவெடுக்கும் உரிமை மேலேயே இருந்தால் அந்தத் தகவலால் பயன் இல்லை. நெருக்கடி வந்தவுடன் அதிகாரத்தை ஒரே இடத்தில் குவிப்பதே பெரும்பாலான அமைப்புகளின் இயல்பு. கட்டுப்பாட்டு அறை, தினசரி ஆய்வுக்கூட்டம், எல்லாவற்றுக்கும் மேலிட அனுமதி என்று போகும். ஒடிசாவில் எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் இருந்தது. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கால் புலம்பெயர் தொழிலாளர்கள் ஊர் திரும்பத் தொடங்கியபோது, தனிமைப்படுத்துதலை நடைமுறைப்படுத்த மாவட்ட ஆட்சியருக்கு உரிய அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களுக்கே அந்த அரசு வழங்கியது. ஊராட்சித் தலைவருக்கு அந்த அதிகாரத்தை நம்பிக் கொடுக்க முடிந்ததற்குக் காரணம், இருபது ஆண்டுகளாக ஊர் அளவில் குழுக்களும் பயிற்சியும் இருந்ததுதான். கீழே ஆள் தயாராக இல்லாத இடத்தில் அதிகாரப் பரவல் என்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகவே முடியும். ஆள் தயாராக இருந்தும் அதிகாரம் தராவிட்டால், அவர் உத்தரவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் தண்ணீர் வந்துவிடும்.

முன்னறிவிப்பா, தலைவரா, அமைப்பா?

அமைப்பே உயிர்களைக் காத்தது என்பதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 1999-க்குப் பிறகு வானிலை அறிவியல் வெகுவாக வளர்ந்துவிட்டது. செயற்கைக்கோள், டாப்ளர் ரேடார், கணினி மாதிரிகள் எல்லாம் சேர்ந்து புயலின் பாதையை நாட்கணக்கில் முன்பே சொல்லிவிடுகின்றன. உயிரிழப்பு குறைந்ததன் பெருமை அறிவியலுக்கே உரியது, அரசு அமைப்புக்கு அல்ல என்பது அந்த வாதம். தவிர, ஒவ்வொரு புயலும் ஒவ்வொரு விதம். 1999-இல் கடல் எழும்பிய அளவுக்கு பைலினில் எழும்பவில்லை, பைலின் ஒரே இடத்தில் நிற்கவும் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பார்கள். இவற்றில் உண்மை இருக்கிறது. நல்ல முன்னறிவிப்பு இல்லாமல் 12 லட்சம் பேரை நகர்த்தியிருக்கவே முடியாது. ஆனால் முன்னறிவிப்பு மட்டும் போதுமா என்பதற்கு 2008 மே மாதம் விடை தந்தது. நர்கிஸ் புயல் மியான்மரை நோக்கிப் போவதை இந்திய வானிலைத் துறை கண்காணித்து, அந்நாட்டு அரசுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்பியது. அதே செயற்கைக்கோள், அதே வங்கக் கடல். ஐராவதி டெல்டாவில் 1,30,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். எச்சரிக்கையைப் பெற்று, அதை ஊர் ஊராக எடுத்துப்போய், போக ஓரிடமும் காட்டும் அமைப்பு அங்கே இல்லை.

பணம் இருந்தால் போதும் என்பதையும் வரலாறு ஏற்கவில்லை. 2004 ஜூலையில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், 'பேம்' என்று பெயரிட்ட கற்பனைப் புயல் ஒன்றை வைத்து ஐந்து நாள் ஒத்திகை நடந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கரைகளைத் தாண்டித் தண்ணீர் வரும், வாகனம் இல்லாத ஏழைகள் பெரும் எண்ணிக்கையில் நகரத்துக்குள் சிக்குவார்கள் என்று அந்த ஒத்திகை முன்கூட்டியே காட்டியது. தொடர்ந்து செய்யவேண்டிய பணிகள் நிதி இல்லை என்று தள்ளிப்போயின. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கத்ரீனா வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உலகின் மிகப் பணக்கார நாட்டில், என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தும், தெரிந்தது செயலாக மாறவில்லை. ஒடிசாவின் வருமானத்தோடு அமெரிக்காவின் வருமானத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், தாங்குதிறனை விலைகொடுத்து வாங்க முடியாது என்பது விளங்கும்.

அடுத்த மறுப்பு தலைமையைப் பற்றியது. 2000 மார்ச் முதல் 24 ஆண்டுகள் நவீன் பட்நாயக் ஒடிசாவின் முதல்வராக இருந்தார். ஒரே தலைவர், ஒரே அக்கறை, நீண்ட ஆட்சி. இவை கிடைத்ததால்தான் இது சாத்தியமானது, எல்லா மாநிலத்துக்கும் அந்த வாய்ப்பு கிடைக்குமா என்று கேட்கலாம். தொடர்ச்சி உதவியது என்பதை மறுக்கத் தேவையில்லை. தோல்வியைப் பொருட்படுத்தும் தலைவர் இல்லாவிட்டால் ஆணையம் வெறும் பெயர்ப்பலகையாகவே நின்றிருக்கும். ஆனால் ஓர் ஏற்பாடு தலைவரின் உடைமையா, அமைப்பின் உடைமையா என்பது தலைவர் போன பிறகே தெரியவரும். 2024 ஜூனில் ஆட்சி மாறியது. வேறு கட்சி, வேறு முதல்வர். மோகன் சரண் மாஜி பதவியேற்று நான்கு மாதங்களில் டானா வந்தது. அதே பட்டியல், அதே மையம், அதே குழு, அதே வரிசையில் வேலைகள் நடந்தன. புதிய அரசு பழையதைக் கலைத்துவிட்டுத் தன் முத்திரையைக் குத்த முயலவில்லை. இருபத்தைந்து ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த மிகப்பெரிய சான்று, என் பார்வையில், அந்த அக்டோபர்தான்.

சும்மா இருப்பதற்கு ஏன் செலவு?

தொழில் நடத்துபவர்கள் எழுப்பும் கேள்வி இன்னொன்று. வருமா வராதா என்று தெரியாத நெருக்கடிக்காக ஆளும் இருப்பும் கட்டடமும் வைத்திருப்பது வீண்செலவு அல்லவா? தேவைக்கு மேல் ஒன்றும் வைத்துக்கொள்ளாததுதானே திறமையான நிர்வாகம்? இந்தக் கொள்கையை உலகத்துக்கே கற்றுக்கொடுத்த நிறுவனத்தையே பார்க்கலாம். தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் அளவு மட்டும் பாகங்கள் வரவேண்டும் என்ற முறையை வளர்த்தெடுத்தது டொயோட்டா. 2011 மார்ச் 11 அன்று வந்த நிலநடுக்கமும் சுனாமியும் ஜப்பானில் அதன் உதிரிபாக வரத்தை முறித்தன. தனக்கு நேரடியாகப் பாகம் தரும் கம்பெனிக்குப் பின்னால், அதற்குப் பாகம் தருபவர் யார், அவருக்குத் தருபவர் யார் என்பது டொயோட்டாவுக்கே முழுமையாகத் தெரியவில்லை. அதன் பிறகு அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை விவரம் திரட்டியது. மாற்று கிடைக்க நாளாகும் பாகங்களை அடையாளம் கண்டு, சிப் போன்றவற்றை இரண்டு முதல் ஆறு மாதத் தேவைக்குக் கையிருப்பில் வைக்கும்படி தனக்கு விநியோகிப்பவர்களிடம் ஏற்பாடு செய்தது. 2021-இல் உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு வந்து போட்டி நிறுவனங்கள் உற்பத்தியை நிறுத்தியபோது, டொயோட்டா பல மாதங்கள் தாக்குப்பிடித்தது. தட்டுப்பாடு நீண்டதும் அந்த ஆண்டு செப்டம்பரில் அதுவும் உற்பத்தியை 40 சதவீதம் குறைக்கவேண்டி வந்தது. கையிருப்பால் நெருக்கடியை ஒழிக்க முடியவில்லை, ஆனால் யோசிக்கவும் மாற்றுவழி தேடவும் அவகாசம் கிடைத்தது. எல்லாவற்றையும் பதுக்கிவைக்க வேண்டியதில்லை. எது அறுந்தால் எல்லாம் நிற்குமோ அதை மட்டும் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். எது அது என்று தெரிந்துகொள்ள, முதலில் தன் அமைப்பைக் கடைசிவரை துருவிப் பார்க்க வேண்டும்.

அரசுக்கும் அதே கணக்குதான். மக்களை வெளியேற்றிய பின் புயல் திசைமாறிப் போனால், மக்கள் நம்பிக்கை இழந்து அடுத்தமுறை வரமாட்டார்கள் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் மையத்தில் சூடான சாப்பாடு கிடைத்து, மாட்டுக்கும் இடம் கிடைத்து, பூட்டிய வீடு திருட்டுப்போகாமல் இருந்தால், வீணாகிப்போன ஓர் இரவை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். அடுத்த அழைப்பை அவர்கள் நம்புவார்களா என்பது, முந்தைய முறை அவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதில் தங்கியிருக்கிறது.

வெற்றியின் எல்லைகள்

ஒடிசாவைக் குறையற்ற முன்மாதிரி என்று கொண்டாடுவது, அதனிடம் கற்கவேண்டியதை இழப்பதாகும். 2018 அக்டோபரில் வந்த தித்லி புயல், கடற்கரையைத் தாண்டி உள்நாட்டு மலை மாவட்டமான கஜபதியில் பெருமழையைக் கொட்டியது. மழைக்குக் குகையில் ஒதுங்கியவர்கள் மீது மலைச்சரிவு விழுந்தது. மாநிலத்தில் மொத்தம் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடலோரத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கட்டிய ஏற்பாடு மலையில் இருக்கவில்லை. புயல் என்றால் கடற்கரை என்ற பழக்கமே அங்கே அபாயமானது. கடந்த நெருக்கடிக்குத் துல்லியமாகத் தயாராகும் அமைப்பு, வடிவம் மாறி வரும் அடுத்த நெருக்கடியைக் கவனிக்கத் தவறலாம். வெற்றி பெற்ற ஒவ்வோர் அமைப்புக்கும் இந்த ஆபத்து உண்டு.

இன்னொரு குறை இன்னும் ஆழமானது. ஃபானியில் உயிர்கள் தப்பின. ஆனால் லட்சக்கணக்கான வீடுகள் சேதமடைந்தன. பூரி மாவட்டத்தின் பல பகுதிகளுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. சேதமும் இழப்பும் சேர்ந்து 24,000 கோடி ரூபாய் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. தமிழ்நாட்டுக்கு இது தெரிந்த வேதனை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா கரையைக் கடக்குமுன் 80,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு மாற்றப்பட்டதைப் பலரும் பாராட்டினார்கள். ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. காய்த்துக் குலுங்கிய தென்னைகள் வேரோடு விழுந்தன. கன்று வைத்தால் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் மரம் அது. உயிரோடு வீடு திரும்பிய விவசாயி வாழ்வாதாரம் இல்லாமல் நின்றார். அதற்கு முந்தைய ஆண்டு ஒக்கி புயலில், ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்களுக்கு எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை. ஆகவே பிணங்களை எண்ணி மட்டும் தாங்குதிறனை அளக்கக் கூடாது. பிழைத்தவர் எத்தனை நாளில் மீண்டும் தொழிலுக்குப் போனார் என்பதும் அளவுகோலில் சேரவேண்டும். அந்த அளவுகோலில் ஒடிசாவும் இன்னும் தேறவில்லை, நாமும் தேறவில்லை.

இந்தக் குறைகள் மேற்சொன்ன வாதத்தை வலுப்படுத்தவே செய்கின்றன. எதைத் தோல்வி என்று ஒடிசா ஒப்புக்கொண்டதோ அதில் அது தேறியது. 1998 கோடையில் அந்த மாநிலத்தில் வெப்பத்துக்கு 2,000-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதையும் பேரிடராகக் கருதி, பள்ளி நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றுவது, தண்ணீர்ப் பந்தல் வைப்பது என்று அதற்கும் ஒரு வழக்கம் உருவானது. 2023 ஜூன் 2 அன்று பாலசோர் மாவட்டத்தின் பாஹாநாகா அருகே ரயில்கள் மோதி 290-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, புயலுக்காக உருவான மீட்புப் படையே இரவோடு இரவாகப் பெட்டிகளை அறுத்து ஆட்களை வெளியே எடுத்தது. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸில் பயணித்தவர்களும் அவர்களில் உண்டு. மரத்தை அறுக்கப் பழகிய கைகள் இரும்பை அறுத்தன. பட்டியல் வைத்திருப்பது, பயிற்சி எடுப்பது, கீழே இருப்பவரை நம்புவது ஆகிய பழக்கங்கள் ஒருமுறை வேரூன்றினால், எதிர்பாராத நெருக்கடிக்கும் பயன்படுகின்றன.

எனவே எந்த அமைப்பிடமும் "நெருக்கடி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. அதற்கு எல்லோரிடமும் அழகான விடை உண்டு. கேட்கவேண்டியது வேறு. கடந்த முறை எங்கே தோற்றீர்கள், அதற்காக எந்த விதி மாறியது, எந்தப் பணியிடம் உருவானது, இந்த ஆண்டு பட்ஜெட்டில் எவ்வளவு, கடைசி ஒத்திகை எப்போது, அதில் எது ஓடவில்லை? ஒரு மாநகராட்சியோ, மருத்துவமனையோ, மின்வாரியமோ இவற்றுக்குப் பெயரும் தேதியும் தொகையுமாக விடை சொல்ல முடிந்தால், அது அடுத்த மழையைத் தாங்கும். சொல்ல முடியாவிட்டால், அங்கே நல்லவர்கள் நிறைய இருக்கலாம், தியாகம் செய்ய அவர்கள் தயாராகவும் இருக்கலாம், ஆனால் தியாகம் தேவைப்படாமல் பார்த்துக்கொள்வதே நிர்வாகத்தின் கடமை. கடல் வெப்பம் கூடிக்கொண்டிருக்கும் காலத்தில், வங்கக் கடலோரத்தில் வாழும் நாம் இந்தக் கேள்விகளை வெயில் அடிக்கும் மாதங்களிலேயே கேட்டு வாங்கவேண்டும். நவம்பரில் கேட்டால் கிடைப்பது நிவாரணம் மட்டுமே.